புளியங்குச்சிக் கரியும் மூக்கொழுகுற பிள்ளையும்

வாய்யா, வா. குனிஞ்சு வா, நிலை இடிக்கும். அந்தப் பெட்டியை இப்படி இறக்கி வை. நேத்து உங்க அக்கா வீட்டு வாசல்ல இதைத் தூரத்துல பாத்தப்போ நாதஸ்வரப் பெட்டின்னுல்ல நெனச்சேன். கல்யாண வீட்டுக்குப் போற ஆளு தெரு மாறி வந்துட்டான்னு இருந்தேன்.

படம் வரையற சாமானா? தொற, பாப்போம்.

அடேயப்பா! கரியிலயே இத்தனை சாதியா? குச்சிக் கரி, அமுக்குன கரி, பென்சில் கரி, தூள் கரி. இது வில்லோ மரத்துக் கரி, அது திராட்சைக் கொடிக் கரி. எல்லாம் கப்பலேறி வந்ததா? விலை என்ன சொன்னே? சரி சரி, திருப்பிச் சொல்லாதே. ஒருதரம் கேட்டதே நெஞ்சை அடைக்கி.

ஏ அய்யா, நீ விளாத்திகுளத்துப் பக்கந்தானே பொறந்தே? எங்கிட்டுத் திரும்புனாலும் கரிமூட்டம் பொகையற பூமி இது. கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தவன் கதை கேட்டிருக்கேன். கொல்லன் தெருக்காரனே ஊசி வாங்கப் பட்டணம் போன கதையை இன்னைக்குத்தான் பாக்கேன்.

கோவிச்சுக்காதே. கெழவன் வாய் அப்படித்தான். முப்பத்தி நாலு வருசம் டிராயிங் வாத்தியாரா இருந்து, பயலுக போட்ட மாம்பழத்துக்கும் குடத்துக்கும் மார்க் போட்ட வாய் இது. சும்மா கெடக்குமா?

முதல்ல கரியைப் பேசி முடிச்சிருவோம். காத்தோட எரிஞ்சா விறகு சாம்பல். காத்தில்லாம வெந்தா கரி. அம்புட்டுத்தான் சூட்சுமம். மூட்டம் போடறவன் என்ன செய்தான்? வேலிக்கருவை விறகை அடுக்கி, மேல எலை தழை போட்டு, ஈர மண்ணை அப்பி, உள்ளுக்குள்ள தீயை வெச்சு மூச்சு முட்ட விடுதான். நாள்கணக்குல புழுங்கிக் கெடக்கும். சீமைக்காரன் வில்லோ குச்சியை இரும்புப் பெட்டியில அடைச்சு அதையேதான் செய்தான். பெட்டிக்கும் மூட்டத்துக்கும் பேர்லயும் விலையிலயுந்தான் வித்தியாசம்.

அதுக்காக மூட்டத்துல ஒரு கட்டியை எடுத்துட்டு வந்து காகிதத்துல தேய்ச்சிராதே. வேலிக்கருவை வைரம் பாஞ்ச கட்டை. அதோட கரி காகிதத்தைக் கீறும். டீக்கடைக்கும் இஸ்திரிப் பெட்டிக்குந்தான் அது லாயக்கு. படத்துக்கு மெதுவான குச்சி வேணும். காளஹஸ்தியில கலம்காரித் துணி எழுதறவங்க இருக்காங்கள்ல, அவங்க முதல் கோடு போடறது எதுல தெரியுமா? சுட்ட புளியங்குச்சியில. புளியமரம் உங்க பம்புசெட்டுக்குப் பக்கத்துலயே நிக்கி. அது உன்னைப் பாத்துச் சிரிச்சிருக்கும்.

பழைய பால்பவுடர் டப்பா ஒண்ணு போதும். சுண்டுவிரல் தண்டிக்கு வளார் ஒடிச்சு, பட்டையை உரிச்சு, சந்தில்லாம நெருக்கி அடுக்கணும். மூடியில ஆணியால ஒரு ஓட்டை. தணல்ல வெச்சா அந்த ஓட்டை வழியாப் பொகை வரும். பொகை நின்னா வெந்துருச்சுன்னு கணக்கு. நீ வாரேன்னு சொல்லி விட்டதும் மத்தியானமே ஒண்ணு வெச்சேன். அந்தா, அடுப்படியில கெடக்கு. அதைத் தொடாதே.

அது என்ன, செங்கட்டி? சாங்குயினா? ரத்தம்னு அர்த்தமா? ஏலே, பயமுறுத்தாதே. அது இரும்புச் சத்து ஏறுன மண்ணுய்யா. நம்ம காவி. மார்கழியில உங்க ஆத்தா கோலத்துக்குக் கரை கட்டுதாள்ல, அந்தக் காவிக்கு இது சின்னம்மா மக. லியனார்தோ டாவின்சி பூமியில வெட்டியெடுத்த கட்டியை அறுத்து வெச்சுத்தான் வரைஞ்சார். அவர் காலத்துல இதுக்கு அட்டைப்பெட்டி இல்லை, பெட்டி மேல பொன்னெழுத்தும் இல்லை. உன் கையில இருக்கற பட்டைக்குச்சி பின்னால வந்த வகை. 1795-ல கோந்தேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். அப்போ அவங்க நாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை. பென்சிலுக்குள்ள வைக்கற நல்ல கிராஃபைட் அங்கிட்டிருந்து வரலை. மனுசன் என்ன செய்தார்? கெடைச்ச தூளைக் களிமண்ணோட பிசைஞ்சு சுட்டுட்டார். பஞ்சத்துல கண்டுபிடிச்ச பண்டத்தை நீ பவுசுக்கு வாங்கி வெச்சிருக்கே.

ரெண்டுக்கும் குணம் வேற, அதைத் தெரிஞ்சுக்க. கரி ஊதுனா பறக்கும். காவி கவ்வுனா விடாது. கரி தப்புனா துணியால தட்டிட்டு மறுபடி போடலாம். காவியில தப்புனா அது தழும்பு. ரப்பர் வரதுக்கு முன்னாடி வெள்ளைக்காரன் ரொட்டியைப் பிசைஞ்சுதான் அழிச்சான். ரப்பர் துண்டு பென்சில் கோட்டை நல்லா அழிக்குதுன்னு பிரீஸ்ட்லின்னு ஒரு வெள்ளைக்காரர் எழுதி வெச்சதே 1770-லதான். நானும் பள்ளிக்கூடத்துல பயலுகளுக்கு ஆளுக்கு ஒரு பன்னு வாங்கிக் குடுத்துப் பாத்தேன். ஒரு கோடும் அழியலை. பன்னுதான் அழிஞ்சுது.

முடியும் விழியும் மூக்குத் தொளையும் கரிக்கு. கன்னம், காது மடல், உதடு காவிக்கு. ரெண்டையும் ஒரே எடத்துல போட்டு விரலால தேய்ச்சேன்னு வை, புளிக்குழம்பு நெறத்துக்கு வந்துரும். நீ தேய்க்கற ஆளு. எனக்குத் தெரியும். பெட்டிக்குள்ள தேய்க்கறதுக்குன்னே ஏழு காகிதக் குச்சி வெச்சிருக்கியே! பிள்ளை முகத்துல எதுக்குய்யா அத்தனை தேய்ப்பு? பாத்திரம் வெளக்கவா போறே? வெளிச்சம் படற எடத்துல காகிதத்தைச் சும்மா விடு. கன்னம் முடியற எடத்துல கோடே வேண்டாம். அடுத்தாப்புல இருக்கற முடியோட இருட்டு அதைக் காட்டிக் குடுத்துரும்.

சரி, சாமான் பேச்சு போதும். என்னமோ வரையப் போறேன்னு சொன்னியே, அதைச் சொல்லு.

'உணர்ச்சி ததும்பும் குழந்தை முகங்கள்.' ததும்பும்! குடத்துத் தண்ணியா? போன்ல காட்டு பாப்போம், ஏற்கெனவே போட்டதை.

ம். இது ஒரு பையன். கன்னத்துல கண்ணீர்ச் சொட்டு. சொட்டுக்குள்ள ஜன்னல் தெரியுது. அந்தச் சொட்டுக்கு மட்டும் ஆறு மணி நேரமா? இது ஒரு பொண்ணு. இதுலயும் சொட்டு. தலைப்பு 'பசி'. இந்தப் பிள்ளைய எங்க பாத்தே? பாக்கலையா? எவனோ எடுத்த போட்டோவா? கட்டம் போட்டு எடுத்தியா, கண்ணாடிக்கு அடியில வெளக்கு வெச்சு எடுத்தியா? வெக்கப்படாதே. நானும் செத்துப்போனவங்க போட்டோவைக் கட்டம் போட்டுப் பெருசாக்கிக் காசு வாங்குனவந்தான். ஆனா அதுக்கு 'மறைவு'ன்னு தலைப்பு வெச்சுப் பரிசுக்கு அனுப்பலை.

பசியைப் போட்ட பொம்பளை ஒருத்தி இருந்தா. கேத்தே கோல்விட்ஸ். ஜெர்மனிக்காரி. புருசன் டாக்டர், பெர்லின்ல கூலிக்காரச் சனம் குடியிருந்த பக்கம் வைத்தியம் பாத்தார். அவர்கிட்ட மருந்துக்கு வந்த ஆத்தாக்காரிகளையும் பிள்ளைகளையும் பாத்துப் பாத்துப் போட்டவ அவ. 1914-ல போருக்குப் போன சொந்த மகனையும் பறிகொடுத்தவ. 1924-ல கல்லச்சுல 'ரொட்டி'ன்னு ஒண்ணு போட்டா. ஆத்தாக்காரி நமக்கு முதுகு காட்டி நிக்கா. ரெண்டு பிள்ளைக பாவாடையைப் பிடிச்சு இழுக்கி. ஒண்ணு அண்ணாந்து பாக்கி. ஆத்தா முகம் நமக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். அதுல நீ தேடு, ஜன்னல் தெரியற சொட்டு ஒண்ணு கெடைக்கான்னு.

போட்டும். அழுற பிள்ளைய வரையக் கூடாதுன்னு நான் சொல்லலை. அதுலதான் வித்தையே இருக்கு. உனக்கு ஒரு கதை சொல்லுதேன்.

இத்தாலியில கிரெமோனான்னு ஒரு ஊர். ஒரு வீட்டுல ஆறு பொண்ணு, ஒரே பையன். மூத்தவ பேரு சொஃபோனிஸ்பா. வாயில நொழையாது, விடு, மூத்தவன்னே வெச்சுக்க. நம்ம ஊரா இருந்தா ஆறு பொண்ணு பெத்த மனுசன் நகைக்கடை வாசல்ல மயங்கி விழுந்திருப்பான். இவர் பொண்ணுகளுக்குப் படிப்பும் படமும் சொல்லிக் குடுத்தார். மூத்தவ சிரிக்கற பொண்ணு ஒருத்தியை வரைஞ்சா. அது மைக்கேலாஞ்சலோ கண்ணுக்குப் போச்சு. ஆமா, அந்தக் கெழவனேதான். பாத்துட்டு என்ன சொன்னாராம்? சிரிக்கறது கெடக்கட்டும், அழுற பையனைப் போடறதுதான் கஷ்டம்னுட்டாராம். கெழவனுக எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான்.

இவ என்ன செஞ்சா? தம்பியைக் கூப்பிட்டு 'அழு'ன்னு சொல்லலை. நண்டு கடிச்ச தம்பியைப் போட்டா. கறுப்புச் சாக்கட்டியில. விரலைக் கொடுக்கு கவ்வியிருக்கு. கையை இழுக்கான், உடம்பெல்லாம் ஒரு பக்கமாச் சாயுது, வாய் கோணுது. பக்கத்துல ஒரு பொண்ணு அவனை அணைச்சாப்புல நிக்கா, அவ முகத்துல லேசாச் சிரிப்பு. அடுத்தவன் விரலுதானே! அந்தப் படத்தை 1562-ல மைக்கேலாஞ்சலோவோட சிநேகிதர் ஒருத்தர் ஃபுளோரன்ஸ் பிரபு மெடிசிக்கு வரிசையா அனுப்பி வெச்சார், இந்தக் கதையையும் கடுதாசியில எழுதி. இப்பவும் நேப்பிள்ஸ் மியூசியத்துல இருக்கு.

அதுல தம்பி எதுக்கு அழுறான்னு பாக்கறவனுக்குத் தெரியுது. உன் பையன் எதுக்கு அழுறான்? உனக்குத் தெரியுமா? பரிசுக்கு அழுறான்.

சிரிக்காதே. நேத்து நீ அக்கா மகளை உக்காத்தி வெச்ச அழகைத் திண்ணையிலிருந்து நானும் பாத்தேன். மூணு வயசுப் பிள்ளை. முகத்தைக் கழுவிப் பவுடர் அப்பியாச்சு. பின்னால நீலத் துணி. முன்னால வளையல் மாதிரி ஒரு வெளக்கு. 'அசையாதே பாப்பா, இங்க பாரு பாப்பா, சிரி பாப்பா.' அசையாதேன்னு சொன்ன பிறகு அது பிள்ளையா, எல்லைக்கல்லா? அது உன்னைப் பாத்த பார்வையைத்தான் வரைஞ்சிருக்கணும். தாசில்தார் ஆபீசுல காத்துக் கெடக்கற ஆளு பாக்கற பார்வை.

பத்து நிமிசம் பொறுத்துப் பாத்துட்டு நீ கண்ணாடியைத் தொடைக்க ஆரம்பிச்சே. அப்போ என்ன நடந்துச்சு? நீ பாக்கலை. நான் பாத்தேன். ஆத்தாக்காரி பிள்ளை கையில ஒரு முறுக்கைக் குடுத்துட்டு உள்ள போனா. இவ முறுக்கை மோதிரம் மாதிரி விரல்ல மாட்டிக்கிட்டு, சுத்தி வர கொறிச்சா. பவுடர் மேல எச்சி. மூக்குல ஒண்ணு எட்டிப் பாக்கறதும் உள்ள போறதுமா இருக்கு. அப்போ ஒரு கோழி வந்துச்சு. மெதுவாத்தான் வந்துச்சு, வட்டிக்காரன் மாதிரி. லபக்குன்னு முறுக்கைக் கொத்தி இழுத்துட்டு ஓடிட்டு.

பிள்ளை உடனே அழுதாளா? இல்லை. முதல்ல விரலைப் பாத்தா. முறுக்கு இருந்த எடத்துல முறுக்கு இல்லை. அப்புறம் கோழியைப் பாத்தா. புருவம் ரெண்டும் உள்பக்கமா மேல ஏறுச்சு. கீழுதடு ஒரு நெல்லளவு முன்னால வந்துச்சு. நாடியில ஒரு குழி விழுந்துச்சு. வாய் இன்னும் தொறக்கலை. தலையைத் திருப்பி வாசலைப் பாத்தா, ஆத்தா இருக்காளான்னு. ஆத்தா இல்லை. அழுது என்ன பிரயோசனம்? உதட்டை அப்படியே வெச்சிருந்தா. ஆத்தா தலை நிலையில தெரிஞ்சுதோ இல்லையோ, வெச்சா பாரு ஒரு ஊளை! தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு.

அந்த உதட்டைத்தான்யா நீ வரையணும். ஊளைக்கு முந்துன உதட்டை. அது உன் போன்ல இருக்கா?

என் கையிலயும் இல்லை. நான் வெத்தலை மடிச்சுக்கிட்டிருந்தேன். ஆனா கண்ணுல இருக்கு. ராத்திரி சிலேட்டுல நாலு கோடு போட்டுப் பாத்தேன். வாய் வந்துட்டுது. புருவம் வரலை.

பாத்து வரையறதுன்னா உக்காத்தி வெச்சு வரையறதுன்னு எவன் சொன்னான்? பிள்ளை ஓடிக்கிட்டே இருக்கும். நீ ஒரு கோடு போடறதுக்குள்ள திரும்பிரும். திரும்பட்டும். அடுத்த பக்கத்துல அடுத்த கோடு. கொஞ்ச நேரத்துல பழைய பக்கமே திரும்பும், அப்போ விட்ட கோட்டைப் பிடி. ஒரு நோட்டு முழுக்க அரைக் காதும் கால் மூக்குமாக் கெடக்கணும். கசாப்புக்கடை மாதிரி இருக்கும், இருக்கட்டும். அதுலருந்துதான் பிள்ளை வரும்.

இன்னொரு சங்கதி. நீ போடற பிள்ளைகளுக்கெல்லாம் வயசு நாப்பது இருக்கே, ஏன்? இந்தா, இந்தப் பொண்ணைப் பாரு. பாவாடை கட்டுன கணக்குப்பிள்ளை. இது உன் ஒருத்தன் குத்தமில்லை. நானும் செஞ்சிருக்கேன். புதுசா வேலைக்குச் சேந்த காலம். ஊர்ப் பெரியவர் வீட்டுல மூத்த மகனுக்கு ஆண் பிள்ளை. பத்து மாசம். 'வாத்தியாரே, ஒரு படம் போடும்'னாங்க. எனக்கோ பரீட்சைக்குப் படிச்ச கணக்கு: தலை உயரத்துல சரிபாதியில கண்ணு. அளந்து போட்டேன். நெழலெல்லாம் ஜோரா விழுந்துச்சு. ஆத்தாக்காரி வாங்கிப் பாத்தா. பாத்துட்டு, 'ஏங்க, இது எங்க மாமால்ல?'ன்னுட்டா. மாமனார் திண்ணையிலதான் உக்காந்திருந்தார். அவருக்கு ஏகப்பட்ட சந்தோசம். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை.

அந்தப் பாதிக் கணக்கு பெரியாளுக்கு. பிள்ளைக்குப் பாதிக்குக் கீழ கண்ணு. பொறந்த பிள்ளையைத் தலையிலருந்து கால் வரைக்கும் அளந்து பாரு, நாலுல ஒரு பங்கு தலைதான். உனக்கும் எனக்கும் ஏழு ஏழரையில ஒண்ணு. மண்டை முந்திக்கிடும், முகம் பின்னால நிதானமா வரும். தாடை இன்னும் வேலைக்கே சேரலை. பல்லு வரணும், விழணும், மறுபடி வரணும், அதுக்கப்புறந்தான் அது நீளும். மூக்குத் தண்டு எழும்பியிருக்காது. அதனால கண்ணு ரெண்டும் தள்ளி இருக்கறாப்புல தெரியும். கண்ணு பெருசுன்னு பிள்ளைக்குக் கரியைக் குழப்பிக் குழப்பி முட்டைக்கண்ணு போடுதியே, அது கண்ணு பெருசா இருக்கறதால இல்லைய்யா. கருவிழி ரெண்டு வயசுக்குள்ள கிட்டத்தட்டப் பெரியாள் அளவுக்கு வந்துரும். முகந்தான் வந்து சேந்திருக்காது. சின்ன வீட்டுல பெரிய கதவு. கதவைப் பெருசாக்காதே. வீட்டைச் சின்னதாக்கு.

இதை ரூபன்ஸ் கண்டுக்கிட்டவர். பெரிய பெரிய ராசா வீட்டுச் சுவரெல்லாம் நெறைச்ச மனுசன். ஆனா அவர் தன் மகன் நிக்கோலாஸைப் போட்டிருக்கார் பாரு, 1619 வாக்குல, பையனுக்கு ஒரு வயசு ஒன்றரை வயசு இருக்கும். கறுப்புச் சாக்கட்டி, சிவப்புச் சாக்கட்டி, கொஞ்சம் வெள்ளை. வியன்னாவுல ஆல்பர்ட்டினா மியூசியத்துல இருக்கு. புஸ்தகத்துல அச்சுலதான் நான் பாத்தேன், அதுக்கே அந்தக் கன்னத்தைக் கிள்ளணும் போல இருந்துச்சு. நெத்தி எம்புட்டு, முகம் எம்புட்டுன்னு பாரு. சுருட்டை முடி. கழுத்துல பவளமாலை. எதுக்குன்னு நெனைக்கே? கண்ணுபடாம இருக்க. பிள்ளைக்குப் பவளம் காவல்னு அந்த ஊர்லயும் நம்பிக்கை. நம்ம ஆத்தாமார் கன்னத்துல மையால ஒரு பொட்டு வைக்காங்கள்ல, அது மாதிரி. நீ நேத்து உன் மருமகளை உக்காத்தும்போது முதல் வேலையா என்ன செஞ்சே? அந்தப் பொட்டை அழிச்சே. 'படத்துக்கு நல்லா இருக்காது'ன்னே. உலகத்தையே வரைஞ்ச மனுசன் மகன் கழுத்துக் காவலைக் கழட்டாம வரைஞ்சிருக்கார். நீ பொட்டை அழிச்சே. கோழி வந்துச்சா இல்லையா?

காலண்டர் பிள்ளை வேற கணக்கு. எங்க கோவில்பட்டியில இருந்த கொண்டையராஜு காலண்டர்ப் படத்துல பெரிய கை. அவர் வழியில வந்தவங்க போட்ட சாமிக் குழந்தைகளைப் பாத்துத்தான் நாங்க வளந்தோம். ஆனா அது சாமி. சாமிக்கு மூக்கொழுகாது. உன் அக்கா மகளுக்கு ஒழுகும். அதைத் தொடைச்சுட்டு வரைஞ்சா காலண்டர். தொடைக்காம வரைஞ்சா உங்க அக்கா உன்னைச் சாத்துவா. ரெண்டுல எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க.

என்ன, கையைப் பாக்கே? கரி ஒட்டிக்கிட்டா? பேன்ட்டுல தொடைக்காதே, அங்க சாக்குத் துணி கெடக்கு.

எந்திரிச்சு எங்க போறே? ஏலே, டப்பாவைத் தொடாதேன்னேன்ல! பொகை நின்னுட்டா மட்டும் ஆச்சா? உள்ள இன்னும் செவசெவன்னு கெடக்கும். இப்ப மூடியைத் தொறந்தா காத்துப் புகுந்து அம்புட்டும் பொக்குன்னு பிடிச்சு, உனக்கு ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சும். நெத்தியில பூசிக்கிட்டுப் போக வேண்டியதுதான். ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில வா. அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வராதே, நிலையில இடிக்கும். சின்னவளைத் தூக்கிட்டு வா. ரெண்டு முறுக்கும் கொண்டா. கோழி என் வீட்டுலயே இருக்கு.

ரெண்டு முறுக்குய்யா. ஒண்ணு எனக்கு. பல்லு இல்லாட்டி என்ன, ஊறவெச்சுத் திங்கேன்.